நைலானும் பிபியும் பாதிக்குப் பாதி கலந்தால் பலமும் பாதியில் நிற்குமா?

ஜூலை 2, கேள்வி

"அண்ணா, எங்கள் பட்டறையில் நைலான் 6 ரன்னர் (அச்சுக்குப் போகும் வழியில் உறைந்து நிற்கும் துண்டு) கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பிபி (பாலிப்ரொப்பிலீன்) கழிவும் இருக்கிறது. இரண்டையும் அரைத்துப் பாதிக்குப் பாதி கலந்து அச்சில் கிளாம்ப் அடிக்கலாம் என்று பார்க்கிறேன். நைலானை விடக் கொஞ்சம் குறைவு, பிபியை விடக் கொஞ்சம் அதிகம் என்று நடுவில் ஒரு பலம் வரும் என்பது என் கணக்கு. சரிதானே?"

ஜூலை 2, இரவு

சரியில்லை தம்பி. நடுவில் நிற்காது, இரண்டுக்கும் கீழே போய்விடும்.

பதினைந்து வருடம் முன்னால் இதே கணக்கைப் போட்டு மோட்டார் ஃபேன் கவர் அடித்தேன். அச்சிலிருந்து வரும்போது பளபளவென்று அழகாகத்தான் வந்தது. எடை சரி, அளவு சரி. வாங்கியவர் ஸ்க்ரூவை முறுக்கினார், ஸ்க்ரூ போகும் காது பிளந்தது. பிளந்த இடத்தை நகத்தால் கீறினேன். பரோட்டா மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. மொத்த லாட்டும் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க வைத்தது.

எவர்சில்வர் மாதிரி உலோகக் கலவைகளைப் பார்த்துப் பழகியதால் பிளாஸ்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். உருகிய குரோமியமும் நிக்கலும் இரும்போடு அணு அணுவாகக் கலந்துவிடும். பிளாஸ்டிக் அப்படிக் கலக்காது.

ஜூலை 3

ஏன் கலக்காது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். "இரண்டுமே உருகித்தானே இருக்கிறது?"

உருகுவது வேறு, கரைவது வேறு. சர்க்கரை தண்ணீரில் கரையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன் போக்கில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கலைந்து பரவும் அந்தச் சுதந்திரம்தான் கலத்தலைத் தள்ளிக்கொண்டு போகும் சக்தியில் பெரும்பங்கு. பாலிமரில், அதாவது பிளாஸ்டிக்கில், ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கோத்திருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் தனியாக நடப்பவன் எந்தச் சந்திலும் நுழையலாம். தேர்வடம் பிடித்தவன் அப்படிப் போக முடியுமா? வடம் போகிற திசைதான் அவன் திசை. சங்கிலி நீள நீள, கலந்தால் கிடைக்கும் லாபம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. அதற்கு மேல் நைலானுக்கும் பிபிக்கும் குணப் பொருத்தமும் இல்லை. ஒன்று நீரை இழுக்கும், ஹைட்ரஜன் பிணைப்பால் தன் இனத்தோடு பிடித்துக்கொள்ளும். மற்றது மெழுகு மாதிரி. 1940களில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாக இந்தக் கணக்கை எழுதினார்கள். பெரு மூலக்கூறுகள் பற்றிய மொத்தப் பணிக்காக ஃப்ளோரிக்கு 1974-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, உங்கள் மெஷினில் பிளாஸ்டிக் உருகும் பேரலுக்குள் இருப்பது ஒரு பொருளுக்குள் மிதக்கும் இன்னொரு பொருளின் துளிகள். ஆறியதும் துளிகள் அப்படியே உறைந்துவிடும். துளிக்கும் சுற்றியிருப்பதற்கும் நடுவில் ஒட்டு எதுவும் கிடையாது. இழுத்தால் அந்த எல்லையில்தான் முதலில் பிரியும். அச்சுக்குள் ஓடும்போது துளிகள் இழுபட்டுத் தகடாகிவிடுவதால்தான் அந்தப் பரோட்டா ஏடு. இரண்டு ஓட்டம் வந்து சேரும் வெல்டு லைனில் நிலைமை இன்னும் மோசம். என் ஃபேன் கவரில் காது பிளந்ததும் வெல்டு லைனில்தான்.

ஜூலை 3, மாலை

"எந்த இரண்டு பிளாஸ்டிக்கும் சேராது என்றால் நோரில் என்பது என்ன?" என்று கேட்டவருக்கு நன்றி. நான் எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிவிட்டேன். சேரும் ஜோடிகள் இருக்கின்றன, ஆனால் அபூர்வம்.

கோவையில் இருப்பவர்களுக்கு நோரிலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வெல் பம்பைக் கழற்றினால் உள்ளே அடுக்கடுக்காக நோரில் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அது பிபிஓ என்ற பாலிமரும் பாலிஸ்டைரீனும் கலந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிபிஓ இளகத் தொடங்குவதே 210 டிகிரிப் பக்கம். தனியாக மோல்டு செய்வது பெரும் பாடு. பாலிஸ்டைரீனோ 100 டிகிரியிலேயே இளகும். இந்த இரண்டும் எந்த விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையும். கலவைக்கு இளகு வெப்பம் ஒன்றே ஒன்று, நடுவில் எங்கோ நிற்கும். விகிதத்தை மாற்றினால் அதுவும் நகரும். தம்பி, உங்கள் "நடுவில் நிற்கும்" கணக்கு இந்த மாதிரி ஜோடிகளுக்குத்தான் ஓரளவு பொருந்தும்.

இளகு வெப்பத்தை அளக்கும் கருவியில் ஒரே படி தெரிந்தால் உள்ளே ஒரே பொருள், இரண்டு படி தெரிந்தால் உள்ளே இரண்டு குடித்தனம். கலவை வாங்கும்போது விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

ஜூலை 6

இப்போது ஒட்டுக்கு வருகிறேன். மாஞ்செடியில் ஒட்டுக்கட்டுவது தெரியும் அல்லவா? நாட்டு மாவின் தண்டில் வேறொரு ரகத்தின் கிளையைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒட்டுக் கோபாலிமரும் அதேதான். ஒரு பாலிமரின் முதுகெலும்பில் இன்னொரு வகைச் சங்கிலி கிளையாக முளைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிஜமான வேதிப் பிணைப்பு. உரித்தால் வராது.

அது கலவைக்குள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் போகாது. சீயக்காய் போட்டால் போகும். அதிலுள்ள பொருளுக்கு ஒரு முனை எண்ணெய்ப் பக்கம், ஒரு முனை தண்ணீர்ப் பக்கம். ஒட்டுச் சங்கிலியும் அப்படி எல்லையில் போய் நிற்கிறது. ஒரு கால் நைலானுக்குள், ஒரு கால் பிபிக்குள்.

நைலான்-பிபி ஜோடிக்கு இந்தச் சங்கிலி பேரலுக்குள்ளேயே பிறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடையில் மாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஒட்டிய பிபி என்று குருணை கிடைக்கும். அதில் ஒட்டியிருப்பது எடையில் ஒரு சதவீதம் அளவுக்கும் குறைவாகத்தான் இருக்கும், அதுவே போதும். நைலான் சங்கிலியின் முனையில் ஒரு அமீன் தொகுதி இருக்கிறது. சூட்டில் இரண்டும் சந்தித்தால் இமைடு என்ற பிணைப்பாக இறுகிவிடும். பிபி முதுகெலும்பில் நைலான் கிளை முளைத்தாயிற்று. அதுவும் எல்லையில்தான் முளைக்கும், ஏனென்றால் இரண்டும் சந்திக்கும் இடமே அதுதான்.

இந்தக் குருணையை வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே செய்யப் போகாதீர்கள். பெராக்சைடு போட்டு, உருக்கிக் கலந்து தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினில் ஒட்டுவார்கள். தெரிந்தவர் ஒருவர் ஷெட்டில் முயன்றபோது பக்கத்தில் நின்றேன். மாலிக் அன்ஹைட்ரைடு ஆவி பட்டு அன்று முழுக்கக் கண்ணும் தொண்டையும் எரிந்தன. பெராக்சைடு தீப்பிடிக்கும் சமாச்சாரம் என்பது தனிக் கவலை. அதையும் தாண்டி, பெராக்சைடு பிபியின் சங்கிலியை வெட்டிவிடும். உருகியது எவ்வளவு சுலபமாக ஓடும் என்று சொல்லும் எம்.எஃப்.ஐ எண் எகிறி, கஞ்சி மாதிரி ஓடும். பாலிஎதிலீனில் இதற்கு நேர் எதிர், சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிவிடும்.

ஜூலை 7

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஒட்டுப் போட்டால் நைலானும் பிபியும் கரைந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஒட்டுப் போட்ட பிறகும் உள்ளே இரண்டு குடித்தனம்தான். மாறுவது துளியின் அளவும் எல்லையின் பிடிப்பும். ஒட்டு இல்லாதபோது பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதற்கு மேலும் இருந்த துளி, ஒரு மைக்ரான் பக்கம் இறங்கும். அருகருகே வரும் துளிகள் சேர்ந்து பெருக்காமல் இந்தச் சங்கிலிகள் தடுக்கின்றன.

துளி உடைவதில் திரவங்களின் பாகுத்தன்மைக்கும் பங்குண்டு. டெய்லர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1934-லேயே இதை ஆராய்ந்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே கெட்டியில் ஓடினால் துளி நன்றாக உடையும். ஒன்று கஞ்சி, ஒன்று களி என்றால் எவ்வளவு சுற்றினாலும் கட்டி கட்டியாகவே நிற்கும். கழிவில் எந்த கிரேடு என்றே தெரியாமல் கலப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜூலை 21

பேசியது போதும் என்று அடித்தே பார்த்தேன். 70 நைலான், 30 பிபி. ஒரு லாட் ஒட்டு இல்லாமல். இன்னொரு லாட்டில் ஐந்து பங்கு ஒட்டுக் குருணை. இரண்டிலும் சோதனைக் கட்டைகள் எடுத்தேன்.

ஒட்டு இல்லாதது வளைத்தவுடன் டப்பென்று போனது, ஏடும் உரிந்தது. ஒட்டுப் போட்டது இரண்டாக மடிந்தும் உடையவில்லை. சுத்தியலால் அடித்தேன், நெளிந்தது. இப்படி ஒரு வித்தியாசத்தை நானே எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 24

மேலே எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

"கட்டை காய்ந்ததா, ஈரமா?" என்று ஒரே வரியில் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் பகீர் என்றது. ஒட்டு இல்லாத லாட்டை அடித்த அன்று மாலையே உடைத்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட லாட் ஜன்னலோரம் மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆடிச் சாரல். நைலான் 6 தண்ணீரை இழுக்கும். சாதாரண ஈரப்பதத்தில் எடையில் இரண்டரை மூன்று சதவீதம், தண்ணீரிலேயே போட்டு வைத்தால் ஒன்பது சதவீதம் பக்கம். இழுத்த நீர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அதை இளக வைக்கும். விறைப்பு குறையும், மடியும் தன்மை கூடும். நைலான் டேட்டாஷீட்டில் காய்ந்த நிலைக்கு ஒரு எண்ணும் ஈர நிலைக்கு இன்னொரு எண்ணும் தனித்தனியே போட்டிருப்பது இதற்காகத்தான். ஒட்டின் வேலையையும் மழையின் வேலையையும் ஒன்றாகக் கூட்டி எழுதிவிட்டேன்.

இரண்டு லாட்டின் பொருளையும் 80 டிகிரியில் உலர்த்தித் திரும்ப ஒரே நாளில் அச்சில் அடித்து, உறையில் மூடி வைத்திருக்கிறேன்.

ஜூலை 30

காய்ந்த கட்டைகளின் முடிவு. ஒட்டுப் போட்டதில் ஏடு உரியவே இல்லை, இழுவையிலும் நன்றாகத் தாங்கியது. அதுவரை சந்தோஷம். ஆனால் கட்டையில் ஒரு சிறு வெட்டு வைத்துச் சுத்தியலால் அடித்தால் இரண்டுமே உடைந்தன. ஒட்டுப் போட்டது கொஞ்சம் அதிகம் தாங்கியது, அவ்வளவுதான்.

வெட்டு வைத்து ஊசல் சுத்தியலால் அடிக்கும் இந்தச் சோதனை ஐசாட் என்பவரின் பெயரில் இருக்கிறது, 1903-லிருந்து. இதே மாதிரியான சார்பி என்பவரின் சோதனை அதற்கும் இரண்டு வருடம் மூத்தது. வெட்டு எதற்கு? நைலானை வெட்டில்லாமல் அடித்தால் அசையாது. ஒரு கீறல் விழுந்தால் அதே நைலான் சட்டென்று போய்விடும். காய்ந்த நைலான் 6 வெட்டு வைத்த ஐசாடில் சுமார் 50 ஜூல்/மீட்டர்தான். பட்டறையில் நாம் செய்யும் ஒவ்வொரு மரையும் மூலையும் ஒரு கீறல்தான்.

இழுத்தால் தாங்குவது ஒரு பலம், அடித்தால் தாங்குவது வேறு பலம். பிபியில் போட்ட ஒட்டு எல்லையைப் பிடித்து வைத்தது. ஆனால் அடியை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. பிபியும் கெட்டிப் பிளாஸ்டிக்தானே. அடி வாங்க ரப்பர் வேண்டும்.

ஆகஸ்ட் 3

ரப்பர் என்றதும் பழைய கதை ஒன்று. பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரி உடையும். அதில் ரப்பர் சேர்க்கலாம் என்று ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி என்ற வேதியியலாளர் 1927-லேயே காப்புரிமை வாங்கினார். ஸ்டைரீன் திரவத்தில் ரப்பரைக் கரைத்து அப்படியே பாலிமராக்கினார். ரப்பரே வலையாகப் பின்னிக்கொண்டு, உருகி ஓடாத ஒன்றாக நின்றது. கிளறிக்கொண்டே செய்யும் வழியை டவ் நிறுவனம் எடுத்தது, 1954 காப்புரிமை. கிளறியதில் என்ன நடந்தது?

தயிர் கடைவதைப் பாருங்கள். முதலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள். கடையக் கடைய ஒரு கட்டத்தில் தலைகீழாகி, கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள். அதுதான் வெண்ணெய். ஹிப்ஸ் எனப்படும் இந்த ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீன் தயாரிப்பிலும் முதலில் ரப்பர்க் கரைசல்தான் வெளியே, பாலிஸ்டைரீன் துளிகள் உள்ளே. பாலிஸ்டைரீன் பெருகியதும் கிளறலில் தலைகீழாகும். ரப்பர் துளிகளாக உள்ளே போய்விடும், போகும்போது கொஞ்சம் பாலிஸ்டைரீனையும் வயிற்றில் வைத்துக்கொண்டு போகும். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு ரப்பர் உருண்டையும் குறுக்கே வெட்டிய கொய்யாப்பழம் மாதிரி, உள்ளே விதை விதையாக இருக்கும். ஏழெட்டு சதவீத ரப்பர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இடத்தை நிரப்புவது இதனால்தான். இதற்கெல்லாம் நடுவே ஸ்டைரீன் சங்கிலிகள் ரப்பரின் முதுகில் ஒட்டாக முளைத்திருக்கும். அந்த ஒட்டு இல்லாவிட்டால் உருண்டை நிற்காது, பிடிக்கவும் பிடிக்காது.

ஹிப்ஸ் துண்டை மடித்தால் மடிப்பில் வெள்ளை பூக்குமே, அது ஏன் என்று 1965-இல் பக்னல், ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். ஒவ்வொரு ரப்பர் உருண்டையின் இடுப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசல் போன்ற ஒன்று பிறக்கிறது. ஆங்கிலத்தில் கிரேஸ் என்பார்கள். அதன் இரு கரைகளையும் நூல் நூலாகப் பாலிமர் பிடித்திருக்கும், அதனால் முழு விரிசல் ஆகாது. ஒரு உருண்டையில் பிறந்தது அடுத்த உருண்டையில் முட்டி நிற்கும். ஒரே ஒரு பெரிய விரிசல் ஓடுவதற்குப் பதில் கோடிக்கணக்கான குட்டிகள். அடியின் சக்தியெல்லாம் அவற்றை உண்டாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. அந்த வெள்ளை அவற்றில் பட்டுச் சிதறும் வெளிச்சம்.

ஆகஸ்ட் 4

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். வெள்ளை பூத்தால் எப்போதும் கிரேஸ்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நைலானிலும் வெள்ளை பூக்கும், ஆனால் அங்கே கதை வேறு. ரப்பர் உருண்டையே உள்ளுக்குள் வாய் பிளந்து குழியாகிறது. அதோடு சுற்றியுள்ள நைலானின் இறுக்கம் தளர்ந்து, பக்கவாட்டில் வழுக்கி நெளிகிறது. நெளியும்போது அடியைத் தின்கிறது.

இதற்கு உருண்டைகள் போதிய நெருக்கத்தில் இருக்க வேண்டும். டுபாண்டில் இருந்த சௌஹெங் வூ 1985-இல் ஒரு எல்லையைக் காட்டினார். நைலான் 66-இல் ஒரு உருண்டையின் மேற்பரப்பிலிருந்து அடுத்ததன் மேற்பரப்பு வரை சுமார் 0.3 மைக்ரான். அதற்குள் வந்தால் கட்டை மடியும், தாண்டினால் முறியும். நடுவில் பெரிய படிப்படியான மாற்றம் எல்லாம் இல்லை. அதே அளவு ரப்பரைச் சின்ன உருண்டையாக்கினால் நெருக்கம் தானே வரும். சின்னதாக்குவது எது? ஒட்டு. சும்மா ரப்பரை அரைத்துக் கொட்டினால் கிடைக்காதது இதுதான்.

ஆகஸ்ட் 8

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஏபிஎஸ் மூடி போட்டால் எத்தனை வருடம் வரும் என்று கேட்டவருக்கு: வெயிலில் வைக்காதீர்கள். ஏபிஎஸ்ஸும் ஹிப்ஸ் மாதிரி ரப்பரில் ஒட்டுக்கட்டிய பிளாஸ்டிக்தான், அதன் ரப்பர் பாலிபியூட்டாடையீன். அதன் இரட்டைப் பிணைப்புகளை வெயிலும் காற்றும் சேர்ந்து தின்றுவிடும். முதலில் மஞ்சள், பிறகு மேல் தோல் மட்டும் கெட்டியாகும். அந்தத் தோலில் பிறக்கும் விரிசல் நல்ல உட்புறத்துக்குள்ளும் வேகமாகப் புகுந்துவிடும். எங்கள் தோட்டத்து மூடி இரண்டு கோடை தாண்டிக் கை தவறிக் கீழே விழுந்தது. நான்கு துண்டு.

அதே அமைப்பில் பியூட்டாடையீனுக்குப் பதில் அக்ரிலிக் ரப்பரில் ஒட்டுக்கட்டினால் ஏஎஸ்ஏ. வெளியில் நிற்கும் பொருளுக்கு அதைக் கேளுங்கள். வீட்டுக்குள் ஏபிஎஸ்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. லெகோ கட்டைகள் 1963-லிருந்து ஏபிஎஸ்தான், குழந்தைகள் மிதித்தும் எறிந்தும் இன்னும் ஒன்றோடொன்று பிடிக்கின்றன.

ஆகஸ்ட் 9

குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் இயற்கை ரப்பரில் இது நடக்குமா என்கிறார். நடக்கும். மரப்பாலிலேயே மெத்தில் மெத்தாக்ரிலேட்டை ஒட்டவைத்துச் செய்வது எம்ஜி ரப்பர். எம்ஜி 30, எம்ஜி 49 என்பதில் வரும் எண் அக்ரிலிக் பங்கின் சதவீதம். பசைகளில் நன்றாக வேலை செய்யும். உங்கள் பாலை வாங்கும் கூட்டுறவில் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 19

தம்பியின் நைலானுக்குத் திரும்புகிறேன். பிபியைத் தள்ளி வைத்துவிட்டேன். 80 நைலான், 20 மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய ஈபிடிஎம் ரப்பர். நண்பரின் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் ஒரு ஓட்டம், பிறகு உலர்த்தி மோல்டிங். இந்த முறை எல்லாக் கட்டையும் ஒரே நாள், ஒரே உறை.

வெட்டு வைத்து அடித்தோம். உடைந்து விழவில்லை. கதவுக் கீல் மாதிரி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மடிந்து நின்றது, வெட்டைச் சுற்றி நகத்தளவு வெள்ளை. நல்ல கிரேடுகளில் அந்த 50 ஜூல்/மீட்டர் 800-ஐத் தாண்டும் என்று படித்திருந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

இதற்கு விலை உண்டு. இழுவை பலம் 80 மெகாபாஸ்கலிலிருந்து 50 பக்கம் இறங்கும், விறைப்பும் குறையும். உங்கள் கிளாம்ப் குழாயை இறுக்கிப் பிடித்தபடி வருடக்கணக்கில் நிற்க வேண்டியது என்றால் 20 அதிகம், 10-இல் தொடங்குங்கள். விழுந்து எழும் பொருள் என்றால் 20 இருக்கட்டும்.

கழிவைப் பற்றி: ஈரமான நைலானை உருக்கினால் தண்ணீர் சங்கிலியை வெட்டும். இரண்டு மூன்று முறை உலர்த்தாமல் சுற்றி வந்த ரன்னருக்கு எந்த ரப்பரும் உயிர் கொடுக்காது. இன்னொன்று, உங்கள் நைலான் மூட்டையில் பிபி ஏற்கெனவே கலந்திருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். பிபியின் அடர்த்தி 0.9, மிதக்கும். நைலான் 1.13, முழுகும். கொஞ்சம் சோப்புத் தூள் போட்டுக் கலக்குங்கள், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டி நைலானும் மிதந்து ஏமாற்றும். கண்ணாடி இழை போட்ட நைலான் இருந்தால் அதுவும் முழுகும், அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். வாளியில் போட்டதை உலர்த்த மறக்காதீர்கள்.

மடிந்த கட்டைகள் இரண்டு என் மேசையில் இருக்கின்றன. கோவையில் கணபதிப் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துப் போங்கள். உங்கள் பிபி மூட்டையைத் தனியாக விற்றுவிடுங்கள்.